இன்ஜினை அணைக்காத அண்ணன்

அரங்கநாதன் வண்டியை நிறுத்துவார், இன்ஜினை அணைக்க மாட்டார். வில்லியனூர் கடைத்தெருவில் ஹபீப் முகமதுவின் சாக்குக் கடை வாசலுக்கு அந்தப் புல்லட் வருஷத்துக்கு ஒரு தரம் வரும். போகிக்கு முந்தின நாள் காலையில் வரும். இடது காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். டேங்க் மேல் மாட்டியிருக்கும் பையிலிருந்து ஒரு வேட்டிப் பொட்டலத்தை எடுத்து நீட்டுவார். வண்டி டுப்டுப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும். கடைக்குள் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் தம்பி வீரப்பன், கையில் கோணி ஊசியோடு அப்படியே எழுந்து ஓடி வருவான்.

"நல்லா இருக்கியாடா?"

"ஒரு ரவுண்டு" என்பான் வீரப்பன்.

"அடுத்த தடவைடா. இப்ப அவசரமா போவணும்."

அவ்வளவுதான். பஸ் நிறுத்தம் பக்கம் வண்டி திரும்பி மறையும். கடைக்காரர் மகள் தஸ்லீமா ஒரு வருஷம் விளையாட்டாகச் செல்போனில் நேரம் பார்த்தாள். ஒரு நிமிஷம் பத்து செகண்டு. அதில் வேட்டி பையில் சிக்கிக்கொண்டு வெளியே வராமல் போன நேரமும் சேர்த்தி.

ஏன் இன்ஜினை அணைப்பதில்லை என்று தஸ்லீமாவின் அம்மா மெஹர் நிஷா ஒரு தடவை கேட்டாள். "பழைய வண்டி பாயம்மா, ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாது" என்றார். அதே வண்டி கல்யாண மண்டப வாசலில் மணிக்கணக்காக நிற்பதை ஊரே பார்த்திருக்கிறது. கட்சிக்காரர் வீட்டு வாசலில் நிற்கும், பால் சங்கத்து வாசலில் நாள் முழுக்க நிற்கும், எல்லா இடத்திலும் திரும்ப ஸ்டார்ட் ஆகும்.

"நம்ம வாசலுக்கு வந்தா மட்டும் அந்த வண்டிக்கு ஒடம்பு சரியில்லாம போயிடுது" என்பாள் மெஹர் நிஷா.

பக்கத்து ஊரான உறுவையாற்றில் நெல்லும் கரும்பும் போட்ட குடும்பத்தின் மூத்த பிள்ளை அரங்கநாதன். பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கூட்டுறவுப் பால் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்தார், மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றார். நடுவில் வில்லியனூர் புது நகரில் மாடி வீடு, கோயில் கமிட்டியில் இடம், காதுகுத்து பேனர்களில் கை கூப்பிய படம். யார் வீட்டிலாவது அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். "கூடப் பொறந்தவன விட்டுக் குடுக்கலாமாடா?" என்று அவர் கேட்கும்போது கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நிற்கும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். கூடப் பிறந்த அவருடைய தம்பி அப்போது ரெண்டு தெரு தள்ளி சாக்குத் தைத்துக்கொண்டிருப்பான்.

வீரப்பன் எட்டு வருஷம் இளையவன். அஞ்சு வயசில்தான் பேச்சு வந்தது, அதுவும் சின்னச் சின்னதாக. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவனை விட்டுவிட்டது. அப்பா சீக்கிரமே போய்விட்டதால் அம்மா காசம்மாள்தான் அவனை வைத்துக்கொண்டிருந்தாள். ஹபீப் முகமதுவின் கடையில் கிழிசல் சாக்குகளை வாங்கிப் போய் வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பாள். வீரப்பன் அவளோடு கட்டுத் தூக்கிக்கொண்டு வருவான். ஒரு சாக்கை எடுத்து வெயிலில் பிடித்து, எத்தனை ஓட்டை என்று வாயால் சொல்லாமல், பார்த்த மாத்திரத்தில் ஊசியைக் கொண்டுபோய் அங்கே வைப்பான். காசம்மாளுக்கே அந்தப் பார்வை கிடையாது. அறுப்புக் காலத்தில் விவசாயிகள் "வீரப்பன் தெச்ச கட்டா பாத்துக் குடு பாய்" என்று கேட்டு வாங்கினார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தில் காசம்மாள் செத்துப் போனாள். அப்பனுக்கு மூத்தவன், ஆத்தாளுக்கு இளையவன் கொள்ளி வைக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அரங்கநாதன் வழக்கத்தில் ஒரு நூல் பிசக மாட்டார். வீரப்பனுக்கு மொட்டை அடித்து, ஈர வேட்டி கட்டி, தோளில் குடத்தை ஏற்றி அனுப்பினார்கள். சுடுகாட்டில் கொள்ளிக்கட்டையைக் கையில் கொடுத்ததும் வீரப்பன் பின்வாங்கிவிட்டான். அம்மாவைக் காட்டி, "சுடும்" என்றான். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வெட்டியான் அலுத்துப்போய் நின்றான். சொந்தக்காரர்கள், மூத்தவரே வைத்துவிடட்டும் என்றார்கள். அரங்கநாதன் ஒத்துக்கொள்ளவில்லை. இளையவன் இருக்கும்போது மூத்தவன் வைத்தால் ஆத்தாளுக்குக் கதி இல்லை என்றுவிட்டு, தம்பி பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்:

"கொள்ளி வெச்சிட்டு வாடா. அண்ணன் வண்டியில ஒன்ன ஒரு ரவுண்டு கூட்டிகினு போறேன்."

வீரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டையை வைத்தான். கடைக்காரர் என்ற முறையில் சாவுக்குப் போயிருந்த ஹபீப் முகமது பக்கத்திலேயே நின்றதால் இது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் அரங்கநாதன் தம்பியைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆட்டோவில்தான். வீரப்பன் பெருவிரலில் மையோடு திரும்பி வந்தான். உறுவையாற்று வீட்டில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக் கொடுத்துவிட்டான் என்று காகிதம் சொன்னது. அது நடந்து ஒரு மாதத்தில் அந்த வீட்டை அரங்கநாதன் வாடகைக்கு விட்டார். குடிவந்தவர்களுக்கு மூன்று அறையும் வேண்டியிருந்தது. ஆகவே ஒரு காலையில் துணிப்பையோடு தம்பியை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தான் புல்லட்டில் பின்னால் வந்து சாக்குக் கடை வாசலில் நின்றார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு நாள் இருக்கட்டும் பாய். வந்து கூட்டிகினு போயிடறேன்."

அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை. பத்தொன்பது வருஷம் ஆகிறது. அப்போது தஸ்லீமாவுக்கு நாலு வயசு. அவளுக்கு நினைவு தெரிந்தபோது வீரப்பன் வீட்டில் ஒருத்தன். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் அவனுக்குக் கட்டில், சுவரில் அவன் அம்மா படம், பக்கத்தில் ஒரு விபூதித் தட்டு. ஹபீப் முகமது அவனை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் காட்டி வலிப்புக்கு மாத்திரை வாங்கினார். மாற்றுத்திறனாளி அட்டையும் வாங்கிக் கொடுத்தார். வில்லியனூர்த் தேருக்கு வருஷா வருஷம் புதுத் துண்டு எடுத்துக் கொடுத்து வடம் பிடிக்க அனுப்பினார். கொரோனா வந்த வருஷம் அவரும் போய்விட்டார். அதன் பிறகு கடையை நடத்தியவர்கள் மெஹர் நிஷா, வீரப்பன், காலையில் கல்லூரிக்குப் போய்விட்டு மதியத்துக்கு மேல் வந்து கல்லாவில் உட்காரும் தஸ்லீமா. அவள்தான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி, பி.காம்.

போன வருஷம் ஆடியில் கோர்ட் அமீனா ஒருத்தர் வேர்த்து விறுவிறுத்து சாக்குக் கடைக்கு வந்தார்.

"வீரப்பன்ங்கிறது யாரு?"

"இவன்தான். இன்னா விஷயம்?" என்றாள் மெஹர் நிஷா.

"நோட்டீசு. புது நகர் விலாசம் போட்டிருக்குது. அங்க போனா அந்தம்மா, வீரப்பனா, இங்க யாரும் இல்லியேன்னு சொல்லிடுச்சி. எதிர்த்த வூட்டுக்காரர்தான் சாக்குக் கடைல பாருன்னாரு."

அரங்கநாதன் மனைவி நோட்டீஸ் என்னவென்று தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டாள். பாவம், வீட்டுக்காரர் அவளிடம் சொல்லி வைத்திருக்கவில்லை.

தஸ்லீமா மனுவைப் படித்தாள். உறுவையாற்றில் ரோட்டோரமாக அண்ணன் தம்பி இருவர் பேரிலும் அறுபது குழி நிலம் பாக்கி இருந்தது. மனை போடுகிறவர்கள் கேட்டிருந்தார்கள். வீரப்பன் பேரில் மாற்றுத்திறனாளி அட்டை இருப்பது தெரிந்ததும், கோர்ட்டில் காப்பாளர் நியமனம் வாங்காமல் பத்திரம் செல்லாது என்று வாங்குகிறவரின் வக்கீல் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே அரங்கநாதன் காப்பாளராக வர ஆசைப்பட்டார். மனு முழுவதும் பாசம் பொங்கியது. தாயார் இறந்த நாள் முதல் மேற்படி சகோதரரை மனுதாரர் தன் சொந்தப் பிள்ளைபோல் தன் இல்லத்தில் வைத்துப் பராமரித்து வருவதாகவும், மேற்படியார் பிறந்தது முதலே எதையும் புரிந்துகொள்ளும் ஆற்றல் அற்றவர் என்பதாகவும், பிற மதத்தவர் சிலர் அவரை ஏமாற்றிச் சம்பளமின்றி வேலை வாங்குவதால் இனி அவரைத் தக்கதொரு காப்பகத்தில் சேர்க்க உத்தேசித்திருப்பதாகவும் எழுதியிருந்தது.

காப்பகம் என்ற சொல் வந்த இடத்தில் தஸ்லீமா நிறுத்திவிட்டாள்.

"இன்னாடி?" என்றாள் மெஹர் நிஷா.

"இவன எங்கியாவது ஹோம்ல சேக்கப் போறாராம்."

வீரப்பன் வழக்கம்போல சணலை வாயில் வைத்து ஈரமாக்கி ஊசியில் கோத்துக்கொண்டிருந்தான். மெஹர் நிஷா அவனைப் பார்த்துவிட்டு மேலே படிக்கச் சொன்னாள்.

மனுவோடு ஆவணங்களின் நகல்கள் இணைக்கப்பட்டிருந்தன. அரங்கநாதன் எதிலும் முறையாகச் செய்கிற மனிதர். தான் எவ்வளவு ஒழுங்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்கிறவர் என்று காட்ட, தம்பி கைநாட்டு வைத்த அந்த 2006 விடுதலைப் பத்திரத்தின் நகலையும் வரிசையாக நாலாவது ஆவணமாகத் தானே வைத்திருந்தார். தஸ்லீமா அதைப் பிரித்தாள்.

"காசம்மாள் குமாரர் வீரப்பன் ஆகிய நான், நல்ல திடமனதுடனும், முழு சுயபுத்தியுடனும், பிறருடைய தூண்டுதலோ நிர்ப்பந்தமோ இல்லாமல்..."

"திருப்பிப் படி" என்றாள் மெஹர் நிஷா.

திருப்பிப் படித்தாள்.

"யாரு? வீரப்பனா?"

"வீரப்பன்தாம்மா. முழு சுயபுத்தியோட."

"வூட்ட எழுதி வாங்கறப்ப புத்தி இருந்துச்சாம். நெலத்த விக்கறப்ப பொறந்ததுலேருந்தே இல்லியாம்." மெஹர் நிஷா சிரிக்க ஆரம்பித்தாள். வீரப்பனும் கூடச் சிரித்தான். "ஏண்டா, அண்ணன் ஒனக்குப் புத்திய வாடகைக்கு வுட்டு வாங்கிகினாரா?"

"வாங்கிகினாரு" என்றான் வீரப்பன்.

அம்மா சிரித்தாலும் கோர்ட்டுக்குப் போகலாமா என்பதில் அவளுக்குத் தயக்கம் இருந்தது. அவன் அண்ணன் ரத்த சொந்தம், நாம் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? "நெலத்து மேல கண்ணு வெச்சி அவன வெச்சிகினு இருக்காங்கன்னு பேசுவாங்கடி. பாய் வூட்டுக்காரங்கன்னா இன்னும் ரெண்டு வார்த்த சேத்துப் பேசுவாங்க." தஸ்லீமா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கே பிரியதர்ஷினி என்ற வக்கீல், அவளைவிட நாலைந்து வயசுதான் மூத்தவள், நகல்களை வாங்கிப் பார்த்தாள். நாலாவது ஆவணத்தில் அவள் கை நின்றது.

"இத யாரு குடுத்தது?"

"அவரேதான் வெச்சிருக்காரு மேடம்."

பிரியதர்ஷினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். "காப்பாளரா சொந்தக்காரரத்தான் போடணும்னு கோர்ட்டுக்கு ஒண்ணும் கட்டாயம் கெடையாது. சொந்தக்காரரா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனா எவரோட லாபம் அந்த ஆளோட நஷ்டமோ, அவர மட்டும் போட மாட்டாங்க. இவரு தன்னோட லாபத்த தானே நம்பர் போட்டுக் குடுத்திருக்காரு" என்றாள்.

புதுச்சேரி கோர்ட்டுக்கு வீரப்பனை அழைத்துப் போன அன்று மெஹர் நிஷா அவனுக்குப் புதுச்சட்டை போட்டுவிட்டாள். போகி வேட்டிகளில் ஒன்றைக் கட்டிக்கொள் என்றால் மாட்டேன் என்றான். பத்தொன்பது வேட்டியும் பிரிக்காமல் அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தன. தஸ்லீமா அதற்கு முன் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. அன்று கேட்டாள். "அண்ணன் வரும். ரவுண்டுக்கு" என்றான்.

நீதிபதி ஒரு பெண்மணி. குரலை உயர்த்தவே இல்லை. அரங்கநாதன் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, பேனரில் நிற்பது போலவே நின்றார்.

"உங்க தம்பி எங்க இருக்காரு?"

"எங்கூடத்தாங்கம்மா. என் பராமரிப்புல."

"நோட்டீஸ் சாக்குக் கடையிலதான் குடுத்ததா இருக்கு."

"பகல்ல அங்க வேலைக்குப் போவான்ம்மா."

"வலிப்பு மாத்திரை சாப்பிடறாருன்னு மெடிக்கல் சர்டிபிகேட்ல இருக்கு. எந்த வேளைக்கு?"

அரங்கநாதன் வக்கீலைப் பார்த்தார். வக்கீலுக்கு எப்படித் தெரியும்? "காலைலம்மா" என்றார்.

"ராத்திரி" என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த வீரப்பன். "ரெண்டு. இட்லி துண்ணுட்டு."

நீதிபதி அவனைப் பக்கத்தில் கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார்.

"இவரு யாரு?"

"அண்ணன்."

"அண்ணன் வந்தா இன்னா பண்ணுவாரு?"

வீரப்பன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு டுப்டுப்டுப் என்றான். எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிர்ந்தார். "நிக்காது. போயிடும்" என்றான்.

"நீங்க யாரோட இருக்கணும்னு ஆசை?"

வீரப்பன் வாசல் பக்கம் பார்த்தான். "கடைல சாக்கு கெடக்குது. மழ வரும்" என்றான்.

நீதிபதி நாலாவது ஆவணத்தை எடுத்தார். அரங்கநாதனையே படிக்கச் சொன்னார். அவர் நல்ல குரல் வளத்தோடு ஆரம்பித்தார். நல்ல திடமனதுடனும் என்ற இடத்தில் குரல் இறங்கியது. முழு சுயபுத்தியுடனும் என்பதைக் கிட்டத்தட்ட முணுமுணுத்தார்.

"2006-ல உங்க தம்பி நல்லா இருந்தாரா?"

"அப்ப நல்லாத்தாம்மா இருந்தான்."

"மனுவுல மூணாவது பத்தியில பிறந்தது முதலேன்னு இருக்கு."

"அது வக்கீல் எழுதினதும்மா."

வக்கீல் தன் கட்டுக்குள் எதையோ அவசரமாகத் தேட ஆரம்பித்தார்.

"அப்ப எந்த வருஷத்துலேருந்து இப்படி?"

அரங்கநாதன் யோசித்தார். ஒரு மனிதன், தம்பிக்கு எந்த வருஷம் புத்தி கெட்டுப் போயிருந்தால் தனக்குச் சௌகரியம் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போடுவதை தஸ்லீமா அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். பத்திரத்துக்கு அப்புறமாக இருக்க வேண்டும், அட்டை வாங்கியதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

"ரெண்டாயிரத்தி ஏழு வாக்குலம்மா" என்றார்.

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். தஸ்லீமாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ரொம்ப நாளாக வர வேண்டிய சிரிப்பு, அவள் அதை நன்றாக அனுபவித்தாள்.

அடுத்து மெஹர் நிஷாவைக் கூப்பிட்டார்கள்.

"நீங்க காப்பாளரா இருக்க மனு போட்டிருக்கீங்களா?"

"நான் கேட்டு வரலீங்கம்மா. அவன ஹோம்ல சேக்கக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன். சோறு போடறதுக்கு எதுக்குங்க காயிதம்?"

அரங்கநாதனின் வக்கீல் மதத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். மெஹர் நிஷா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "தேருக்குத் தேரு துண்டு எடுத்துக் குடுத்து வடம் புடிக்க அனுப்பறது எங்க வூடுதாங்கம்மா. இவங்க அண்ணனும் கமிட்டில இருக்காரு. வடத்துல இவன் கைய வெச்சிகினு நிக்கறத ஒரு வருஷமாவது பாத்தாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

நீதிபதி அதை எழுதிக்கொள்ளவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"பத்தொன்பது வருஷமா உங்க கடையில வேலை செய்யறாரு. சம்பளம் குடுத்தீங்களா?"

மெஹர் நிஷா நிமிர்ந்து பார்த்தாள். "சோறு, துணி, மருந்து எல்லாம் பாத்துக்கிட்டோம். கூலின்னு தனியா குடுத்ததில்லீங்கம்மா."

"சாக்கு நல்லா தைப்பாரா?"

"வில்லியனூர்லியே அவன மாதிரி ஆளு இல்லீங்க."

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. தஸ்லீமாவுக்கு முகம் சுட்டது. கல்லாவில் உட்கார்ந்து இத்தனை வருஷம் கணக்கு எழுதியவள் அவள்தான். தைப்புக் கூலி என்று வெளி ஆட்களுக்குக் கொடுத்ததை ஒரு பத்தியில் எழுதியிருக்கிறாள். அதில் வீரப்பன் பேர் ஒரு நாளும் வந்ததில்லை, வரவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மனுவில் சம்பளமின்றி என்ற சொல்லைப் படித்தபோது அவள் கொதித்தாள், ஆனால் அது பொய் என்று நினைத்துக் கொதித்தாளா? வீட்டில் ஒருத்தன் என்றால், அவளுக்கு இருந்த படிப்புச் செலவும் பஸ் பாஸும் அவனுக்கு எங்கே? அரங்கநாதனைப் பார்த்துச் சிரித்தது ரொம்பச் சுலபமாக இருந்தது. அவரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருமே நல்லவர்களாகத் தெரிவார்கள். அந்த அளவுகோலைத்தான் அவள் இத்தனை வருஷம் கையில் வைத்திருந்தாள்.

வெளியே வந்ததும் மெஹர் நிஷா சொன்னாள்: "அந்தம்மா கேட்டது ஞாயந்தான்டி. ஒங்க அத்தா இருந்திருந்தா தலையக் குனிஞ்சிருப்பாரு."

சமூக நலத்துறையிலிருந்து ஒருவர் கடைக்கும் புது நகர் வீட்டுக்கும் வந்து விசாரித்துப் போனார். மாடி வீட்டில் வீரப்பன் அறை எது என்று கேட்டதற்கு, அரங்கநாதன் ஏசி போட்ட ஒரு அறையைத் திறந்து காட்டினாராம். கட்டில் மேல் பேத்தியின் பொம்மைகள் இருந்ததாகவும், தம்பிக்கு விளையாட்டுப் புத்தி என்று அவர் விளக்கம் சொன்னதாகவும் அறிக்கையில் எழுதியிருந்தது.

கார்த்திகையில் உத்தரவு வந்தது. அரங்கநாதன் மனு தள்ளுபடி. வீரப்பனின் அன்றாடப் பராமரிப்புக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் மெஹர் நிஷா வரையறுக்கப்பட்ட காப்பாளர், எதையும் அவனைக் கேட்டு அவனோடு சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். அவனுக்குத் தைப்புக் கூலி மாதாமாதம் அவன் பேரில் வங்கியில் போட்டு, வருஷத்துக்கு ஒரு தரம் கோர்ட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நிலத்தை கோர்ட் அனுமதி இல்லாமல் யாரும் தொடக் கூடாது. 2006 பத்திரம் செல்லுமா என்பதைச் சட்ட உதவி மையம் தனி வழக்காகப் பார்க்க வேண்டும். அறுபது குழிக்கு ஆசைப்பட்டு வந்த அரங்கநாதன், கையில் இருந்த வீட்டையும் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று. அதை எடுத்து வைத்த கையும் அவருடையதுதான்.

காகிதங்களை வாங்கிக்கொண்டு திரும்பியபோது வீரப்பனைக் காணோம். மெஹர் நிஷா வராந்தா முழுக்கத் தேடினாள். தஸ்லீமா கீழே ஓடினாள். வண்டிகள் நிற்கும் இடத்தில், வேப்ப மரத்துக்கு அடியில், அந்தப் புல்லட் நின்றிருந்தது. இன்ஜின் ஓடவில்லை. வீரப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக அது சத்தமில்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறான். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி காத்திருந்தான்.

அரங்கநாதன் வந்தார்.

"எறங்குடா."

"ஒரு ரவுண்டு."

"எறங்குடான்றேன்ல."

வீரப்பன் இறங்கவில்லை. அண்ணன் முகத்தை இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு நேரம் பார்க்க அவனுக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை.

"கொள்ளி வெச்சேன்ல" என்றான்.

தஸ்லீமா அந்தக் கதையை அத்தா சொல்லி அம்மா மூலமாகக் கேட்டிருந்தாள். வீரப்பன் அதை நினைவில் வைத்திருப்பான் என்று அவள் ஒரு நாளும் எண்ணியதில்லை. ஒவ்வொரு போகிக்கும் அவன் கேட்டது ஆசை என்றுதான் நினைத்திருந்தாள். எதையும் புரிந்துகொள்ளும் ஆற்றல் அற்றவர் என்று மனுவில் எழுதியவருக்கும் தனக்கும் இந்த ஒரு விஷயத்தில் வித்தியாசம் இல்லை என்று அந்த மரத்தடியில் அவளுக்குப் பட்டது.

அரங்கநாதன் சுற்றும் முற்றும் பார்த்தார். வக்கீல் குமாஸ்தாக்கள் நின்றிருந்தார்கள், தெரிந்த முகம் ஒன்றும் இருந்தது. ஒரு ரவுண்டு என்றால் எவ்வளவு தூரம்? கேட்டைத் தாண்டிக் கடலூர் ரோட்டில் கொஞ்சம் போய்த் திரும்பினால் ஐந்து நிமிஷம். அவர் தம்பியின் கையைக் கம்பியிலிருந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார். வீரப்பன் இறங்கினான். அழவில்லை. ஓரமாக நின்று பார்த்தான்.

ஆஃப் பண்ணினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாத அந்த வண்டி ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது.

இப்போது மாதம் பிறந்ததும் தஸ்லீமா நோட்டில் வீரப்பன் பேரை எழுதி, அவனோடு வங்கிக்குப் போகிறாள். பழைய பத்தொன்பது வருஷத்தை எந்தப் பத்தியில் எழுதுவது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால், "எழுதறதுக்கு எடம் பத்தாதுடி, மொதல்ல இந்த மாசத்தத எழுது" என்கிறாள்.

இந்த வருஷம் போகிக்கு முந்தின நாள் காலையில் வீரப்பன் சீக்கிரமே குளித்துவிட்டான். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, மடிப்புக் கலையாத வேட்டியைக் கட்டிக்கொண்டு, ஊசி நூலைத் தொடாமல் கடை வாசலில் உட்கார்ந்தான். பதினோரு மணி வரைக்கும் பால் வண்டிகளும் டெம்போவும் போயின. அரங்கநாதன் புல்லட்டை விற்றுவிட்டுக் கார் வாங்கிவிட்டார் என்று பழக்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. காரில் ஏசி ஓடிக்கொண்டே இருக்குமாம், கண்ணாடி இறங்காதாம்.

தஸ்லீமா தன் ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினாள். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, "வாண்ணா, சங்கராபரணி ஆத்துப் பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றாள்.

வீரப்பன் ஸ்கூட்டியை முன்னும் பின்னும் பார்த்தான். சீட்டைத் தடவிப் பார்த்தான். அவளை வருத்தப்படுத்த வேண்டாம் என்பது போல மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"நீ தர வேணாம்" என்றான். "அண்ணன் தரணும்."